கதவுக்குள் அடைத்த படங்கு

கராஜ் வேலை பழக வந்திருக்கிற தம்பிகளே, முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் சொல்வதைக் கேட்பதா, எழுந்து போவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கார் கதவு, லொக், கண்ணாடி, உள் அட்டை, கூரைத் துணி என்று பதுளை டவுனில் முப்பத்தோரு வருசம் வேலை பார்த்தவன் நான். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெரிய பாஸ், ஒரு நாள் பட்டப்பகலில், பழைய கார் ஒன்றின் டிக்கி லொக் எப்படி விழுகிறது என்று உள்ளே இருந்து பார்க்க ஆசைப்பட்டு, டிக்கிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு மூடியைத் தானே இழுத்தார். லொக் அருமையாக விழுந்தது. சாவி என் கால்சட்டைப் பையில். கொஞ்ச நேரத்தில் வண்டிக்காரர் வந்து, ஆளைக் காணோமே என்று அதே டிக்கி மேல் உட்கார்ந்து யாருக்கோ போன் பேசினார். "பாஸ் எங்கயோ போயிட்டாரு போல." நான் உள்ளேயிருந்து, "இல்லீங்க, இங்கதான் இருக்கேன்" என்றேன். அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கராஜிலேயே கிடந்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து பின் சீட்டைக் கழற்றி என்னை வெளியே எடுத்தார்கள்.

இந்தக் கதையை நானே டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போவது நான் டீக்கடையில் சொல்லாத கதை.

வெளிநாட்டிலிருந்து வண்டி இறக்குவது நின்று போயிருந்த வருசங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இருபத்தைந்து வயது தாண்டிய கார்களை ஆட்கள் கைக்குழந்தை மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம். எஞ்சின் ஓடிவிடும். கதவுதான் அழும். உள் அட்டையைப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்து ஒடிந்து, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஏறினால் நாலு கதவும் தகர டப்பா மாதிரி ஆடும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாய்ப்பாடு: "பாஸ், இந்தச் சத்தத்த மட்டும் நிப்பாட்டிக் குடுங்க."

ஸ்பொஞ்ச் வைத்து அடைத்தால் சத்தம் போகும். ஆறு மாதத்தில் அது மாவாக உதிர்ந்துவிடும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்கிற நாட்களில் பதுளைச் சனம் வீட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது.

படங்கு தெரியுமில்லையா? கொழுந்து எடுக்கிற பெண்கள், செடி குத்தாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுச் சாக்குத் துணி. கிழியாது, உதிராது. பழையதை மடித்துக் கதவின் தகரத்துக்கும் உள் அட்டைக்கும் நடுவில் இறுக்கி அடைத்தேன். சத்தம் செத்துப் போனது. கதவைச் சாத்தினால் 'தொப்' என்று ஒரு மெத்தைச் சத்தம். பெரிய துரைமாரின் கார் கூட அப்படிச் சாத்தாது. அந்த 'தொப்'பைக் கேட்பதற்காகவே கதவை ஏழெட்டுத் தடவை திறந்து திறந்து சாத்துவேன்.

படங்கு மழையில் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்த எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும் என்பதும், அது வடிய அடியில் ஓட்டைகள் இருக்கின்றன என்பதும் தெரியும். இந்த இரண்டும் என் தலைக்குள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன. ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவேயில்லை.

மடுல்சீமையிலிருந்து குமார் என்றொரு டிரைவர் வந்தான். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து, தோட்டத்து ஆட்களை டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி இறக்குகிறவன். பின் கதவு இரண்டும் வளைவுகளில் தானாகத் திறந்துகொள்கின்றன, சத்தமும் தாங்க முடியவில்லை என்றான். லொக்கைச் சரிசெய்தேன். படங்கு இருந்தால் கொண்டு வா என்றேன். அவனுடைய அக்கா பாக்கியம் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய பழைய படங்குகள் இரண்டைக் கொண்டு வந்தான். கதவுக்கு ஒன்றாக அடைத்தேன். 'தொப்.' குமாருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் அவன் மறுபடி வந்தபோது நாலு நாளாக விடாத மழை. அக்கா மலையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு உடைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். நானும் கிளம்பிவிட்டேன். கதவு வேலையின் இலட்சணம் டவுன் தார் ரோட்டில் தெரியாது, தோட்டத்து ரோட்டில் ஏறிக் கேட்டால்தான் தெரியும் என்பது என் வழக்கம். நல்ல வழக்கம்தான். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் காதைக் கொண்டு போனால் போதாது.

பாக்கியத்தை வலது பக்கப் பின் கதவு வழியாக ஏற்றினோம். முதுகை இடது கதவில் சாய்த்து, மாவுக்கட்டுக் காலைச் சீட்டின் நீளத்துக்கு வைத்துக்கொண்டார். நான் முன்னால் குமாருக்குப் பக்கத்தில். கதவு திறந்துகொள்கிற பழைய பயத்தில் குமார் எல்லாக் கதவையும் பூட்டுகிற பட்டனை அழுத்தினான். டக்.

பசறை தாண்டி ரோடு கெடத் தொடங்கியதும் நான் பெருமையோடு திரும்பினேன்.

"தங்கச்சி, ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குதே பாஸண்ணே."

"என்னா சத்தம்?"

"நீங்க பேசுற சத்தந்தான். பதுளையில ஆரம்பிச்சீங்க, இன்னும் நிக்கல."

குமார் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தட்டினான். கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார்: "பாஸண்ணே, வெளையாட்டு இல்ல. கதவுக்குள்ள களக்கு களக்குன்னு தண்ணி ஆடுது."

"அது டாங்கியில பெட்ரோல்ம்மா."

"பெட்ரோல் டாங்கிய கதவுக்குள்ளயா வப்பாங்க?"

"ஜப்பான்காரன் எங்க வேணும்னாலும் வப்பான்."

மூன்று பேரும் சிரித்தோம். தம்பிகளே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை செய்தவன் நான். அது பெட்ரோல் இல்லை என்று எனக்குத் தெரியும். வடிகிற ஓட்டையைப் படங்கு அடைத்துவிட்டது என்பதும் அந்த நொடியில் எனக்குள் எங்கேயோ சுருக்கென்று தைத்தது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிசம் போதும். ஆனால் அந்த அம்மா முன்னால் என் வேலையில் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிரிப்பில் அதை மூடிவிட்டேன்.

மடுல்சீமைக்கு நாலைந்து மைல் இருக்கும்போது இடது பக்க மலைமேட்டிலிருந்து ஒரு கூடை மண் கொட்டுகிற மாதிரித்தான் விழுந்தது. குமார் பிரேக்கை அழுத்தினான். இரண்டாவது கொட்டு பெரியது. முன் பக்கத்தில் இடது பாதியை மூடி, சக்கரத்தையும் என் பக்கக் கதவையும் மண்ணில் அமுக்கிவிட்டது. ரிவர்ஸ் போட்டான். சக்கரம் சுற்றியது, வண்டி அசையவில்லை. அவன் இறங்கினான். நான் அவன் சீட் வழியாகத் தவழ்ந்து இறங்கினேன்.

பின் சீட்டிலிருந்து பாக்கியம் தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். நாங்கள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மலையைப் பார்த்தார். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் மழைக்காலத்தில் மலையைப் பார்க்கிற பார்வையே வேறு.

"குமாரு, தேயிலை வரிசை கலைஞ்சிருக்கு. செடியெல்லாம் சாஞ்சி நிக்கிது. என்னைய எறக்கு."

சத்தம் போடவில்லை. சோறு போடு என்கிற மாதிரிச் சொன்னார்.

குமார் வலது பின் கதவின் பிடியை இழுத்தான். திறக்கவில்லை. பட்டனை அழுத்தினான். முன் கதவில் மட்டும் 'டக்' என்றது. பின் கதவில் ஒன்றுமில்லை. உள்ளே இருந்து பாக்கியம் எட்டி இழுத்தார். ஒன்றுமில்லை.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்றேன். பிடியைத் தூக்கினேன். அது கனமே இல்லாமல் எழுந்து கனமே இல்லாமல் விழுந்தது. தண்ணீர் குடித்துக் கனத்த படங்கு, நாலு நாள் மழையிலும் அந்த ரோட்டின் குலுக்கலிலும் சரிந்து, லொக் கம்பியைப் பூட்டின நிலையிலேயே அமுக்கிப் பிடித்திருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் அந்தப் பிடியை மறுபடி தூக்கினேன். மறுபடியும். பத்துத் தடவை இருக்கும். கை நிற்கவில்லை. முப்பத்தோரு வருச அனுபவம் என்பது அந்த நேரத்தில் அவ்வளவுதான்.

முன் பக்கமாக இழுக்கலாம் என்றால், முன் சீட்டைப் பின்னால் சாய்க்கிற பிடி உடைந்து கிடந்தது. "அது பெரிய விசயமில்ல, அடுத்த மாசம் பாப்போம்" என்று குமாரிடம் சொன்ன மகானும் நான்தான். அந்த நீட்டிய கால் இரண்டு சீட்டுக்கு நடுவில் மடங்காமல் வராது.

குமார் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை உடைக்க வந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"டேய், கண்ணாடி, கண்ணாடி!"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பலரிடம் நான் சொன்னது, உடைந்த கண்ணாடி பாக்கியத்தின் மேல் கொட்டிவிடுமோ என்று பயந்தேன் என்று. பொய். இன்றைக்கு உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்த மொடலுக்குக் கண்ணாடி இலங்கையில் எங்கேயும் கிடைக்காது என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. மேலே மலை கழன்றுகொண்டிருக்கிறது, உள்ளே ஒரு மனுசி, நான் கண்ணாடிக்குக் கவலைப்படுகிறேன். இதைச் சொல்லும்போது கூட எனக்கு என் மேல் ஒரு திகில் வருகிறது.

உள்ளே இருந்து பாக்கியம்தான் கத்தினார். "கண்ணாடி வழியா இந்தக் கால எப்படிடா தூக்குவீங்க? கதவத் தொறங்கடா!"

நான் டிரைவர் சீட் வழியாக உள்ளே புகுந்து, இரண்டு சீட்டுக்கு நடுவில் நெளிந்து பின்னால் இறங்கி, சட்டைப் பையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து உள் அட்டையைக் கழற்ற ஆரம்பித்தேன். பிடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ. கழற்றி, தொலையாமல் சட்டைப் பையில் போட்டேன். கைதாங்கியில் ஒன்று. கழற்றி, பையில் போட்டேன். மூன்றாவதைத் தடவித் தேடினேன்.

"பாஸண்ணே!" பாக்கியத்தின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "என்னா செய்றீங்க?"

"ஸ்குரூ..."

"ஸ்குரூவ பையில போடுறீங்களா? பையில?"

அவருக்குப் பின்னால் இடது கண்ணாடியில் சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு தண்ணீர் நின்று மண் வழிந்தது. பொறுமையாக, கண்ணாடியின் பாதி வரைக்கும். வண்டி ஒரு தடவை பக்கவாட்டில் நகர்ந்தது. ஓர் அங்குலம்தான்.

அதற்குப் பிறகு நான் மெக்கானிக் இல்லை. அட்டையின் மேல் விளிம்பில் விரல்களை நுழைத்து இரண்டு கையாலும் பிய்த்தேன். என் வாழ்நாளில் ஒரு கிளிப் கூட ஒடிக்கக் கூடாது என்று வேலை செய்தவன் அத்தனையையும் ஒரே இழுப்பில் ஒடித்தேன். தகரத்து ஓட்டைக்குள் கையை விட்டேன். படங்கு ஒரு செத்த பன்றி மாதிரிக் கனத்துக் கிடந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. கால் இரண்டையும் முன் சீட்டில் முட்டுக் கொடுத்து மறுபடி இழுத்தேன். தகரத்தின் விளிம்பு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கிழித்தது. அது அப்போது தெரியவில்லை. படங்கு வந்தது. கூடவே கதவுக்குள் தேங்கியிருந்த தண்ணீரும் என் மடியில் கொட்டியது. விரலால் கம்பியைத் தூக்கினேன்.

"இழுடா!" என்றேன். குமார் வெளியே இருந்து இழுத்தான். கதவு திறந்தது.

அவன் அக்காவின் காலைப் பிடித்து இழுக்க, நான் உள்ளே இருந்து தோளைத் தள்ள, மூன்று பேரும் ரோட்டில் விழுந்தோம். நான் மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக்கொள்ள, அவன் அக்குளில் கை கொடுக்க, வந்த வழியே கீழ்நோக்கி ஓடினோம். பாக்கியம் வலியில் எங்கள் இருவரின் பரம்பரையையும் வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார். ஐம்பது அடி போயிருப்போம்.

பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு லொறி கல்லைச் சரிக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தோம். கார் உருளவில்லை, பள்ளத்தில் விழவில்லை. அதே இடத்தில் நின்றது. ஆனால் இடது பக்கத்தைக் காணோம். பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மண் உள்ளே போய், பாக்கியம் சாய்ந்திருந்த இடத்தை நிரப்பி, சீட்டை நிரப்பி, நாங்கள் திறந்து விட்டு வந்த கதவு வழியாக ரோட்டில் நிதானமாக வழிந்துகொண்டிருந்தது.

எதற்கெடுத்தாலும் ஒரு பகிடி விடுகிறவன் நான். செத்த வீட்டில் கூட வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. பக்கத்து லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து கம்பளியில் பாக்கியத்தைத் தூக்கினார்கள். ஒருவர் என் கையைத் துணியால் கட்டினார். நான் மற்றக் கையால் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஸ்குரூ இரண்டும் பத்திரமாக இருந்தன.

உண்மையான அதிர்ச்சி எனக்கு அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலை, தையல் போட்ட கையோடு தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போது வந்தது. குமாருடைய காருக்கு முன்னால் படங்கு அடைத்த வண்டிகள் எத்தனை? விரல் விட்டு எண்ணினேன். விரல் போதவில்லை. பதினாறு வண்டிகள். நமுனுகுல, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை என்று ஊவா மாகாணம் முழுக்க, அதே மழையில், கதவுக்குள் களக்கு களக்கென்று தண்ணீர் ஆட ஓடிக்கொண்டிருந்தன. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். குடிக்க முடியவில்லை.

பதினாறு பேருக்கும் போன் எடுத்தேன். என் வேலையில் பிழை இருக்கிறது, வண்டியைக் கொண்டு வாருங்கள், அது வரைக்கும் பின் சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள் என்றேன். இந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான் எனக்கு முப்பத்தோரு வருசம் எடுத்தது. ஒரு பள்ளிக்கூட அதிபர் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து, "நாளைக்கிப் பேசுவோம் பாஸ்" என்று வைத்துவிட்டார். ஒரு மாதா கோயில் ஃபாதர், "சத்தமில்லாம நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும்" என்றார். "ஃபாதர், பின் சீட்டுல ஏறிப் பூட்டிக்கிட்டுத் தொறந்து பாருங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்க, முன் கதவு வழியாக வெளியே வந்து சொன்னார்: "இப்பவே கொண்டு வாறேன்." நமுனுகுல தோட்டத்துக் கிளார்க் ஒருவர் போனே எடுக்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கே போய், ஒற்றைக் கையால் அவர் வாசலில் வைத்துக் கழற்றினேன். பதினாறில் ஐந்து வண்டிகளில் கதவு பாதி மாட்டிய நிலையில் இருந்தது. ஐந்து.

கதவுக்குள் எதை வைக்கிறீர்களோ, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் பின் சீட்டில் ஏறி, பூட்டச் சொல்லி, நீங்களாகத் திறந்து இறங்குங்கள். வெளியே நின்று 'தொப்' கேட்டுவிட்டுக் காசு வாங்காதீர்கள். வண்டிக்குள் இருக்கிறவர் ஒரு சத்தம் கேட்கிறது என்றால், பகிடி விடுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்துங்கள். கண்ணாடியை உடைக்க யாராவது கல்லோடு வந்தால் கையைப் பிடிக்காதீர்கள். இவ்வளவுதான் என் அனுபவம். மிச்சம் எல்லாம் ஸ்குரூ கழற்றுகிற வேலை, அதை நீங்கள் என்னை விட நன்றாகச் செய்வீர்கள்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு பாக்கியத்தைப் பார்க்க மடுல்சீமைக்குப் போனேன். அதற்கு முன்னால் போகத் துணிவு வரவில்லை. லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்றார். குமார் வேறொரு பழைய கார் எடுத்திருந்தான், அது வாசலுக்குக் கீழே நின்றது. பாக்கியம் பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எனக்கு அதெல்லாம் நேராக வராது. அதனால் குமாருடைய புதிய வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நானே செய்து தருகிறேன் தங்கச்சி, இந்தத் தடவை தண்ணி குடிக்காத ரப்பர் வைக்கிறேன், கிளிப் எல்லாம் புதுசு, சீட் சாய்க்கிற பிடியும் சேர்த்து, நீங்க பின்னால உக்காந்தா ஒரு சத்தம் கேக்காது, மெத்தையில படுத்த மாதிரி இருக்கும், வேற என்னா வேணும்னாலும் சொல்லுங்க, அதையும் செஞ்சி தாறேன் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன்.

பாக்கியம் என் கையில் இருந்த நீளத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கதவு தொறந்தா போதும்" என்றார்.